எல்இஎஸ் புயல் ரன் சொதப்பினால் எங்கிருந்து தேடுவது

புயலின் கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரான கண்சுவரையொட்டி, கடல்மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் நடக்கும் கொந்தளிப்பை எல்இஎஸ் (லார்ஜ் எடி சிமுலேஷன்) முறையில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்காக எழுதுவது இது. அதாவது பெரிய சுழிகளை நேரடியாகக் கணக்கிட்டு, கிரிட்டுக்குள் அடங்காத சின்னச் சுழிகளை மட்டும் ஒரு சூத்திரத்திடம் ஒப்படைத்துவிடும் முறை. சிஎம்1 வைத்திருந்தாலும் சரி, வர்ஃப் வைத்திருந்தாலும் சரி (இரண்டுமே வானிலையைக் கணக்கிடும் கணினி மாடல்கள்), வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றேதான். நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு இப்படி: புயல் மையத்திலிருந்து 40 கி.மீ. தள்ளி ஒரு சின்னப் பெட்டி, பக்கத்துக்கு 5 கி.மீ., உயரம் 3 கி.மீ., ஒரு பக்கம் வெளியேறும் காற்று எதிர்ப்பக்கத்தில் நுழையும்படி சுழற்சி எல்லை, கிரிட் இடைவெளி 20 முதல் 30 மீட்டர், எல்லைப்படலத்துக்கு (தரையின் உராய்வை நேரடியாக உணரும் கீழ்ப்படலம்) மேலே காற்று நொடிக்கு 40 மீட்டர். முழுப் புயலையும் ஓட்டுகிறவர்களுக்கான விஷயங்கள் நடுவில் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரன் சரியில்லை என்றதும் எல்லோருடைய கையும் நேராகப் போகும் இடம் ஸ்மகோரின்ஸ்கி மாறிலி, அதாவது சின்னச் சுழிகளுக்கான சூத்திரம் எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் எண். 0.17 என்று இருப்பதை 0.1 ஆக்குவது, திரும்ப 0.2 ஆக்குவது, மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்புவது. அது கடைசியாகத் தொட வேண்டியது. முதலில் இரண்டே இரண்டு படம் போடுங்கள். சராசரிக் காற்று உயரத்தோடு எப்படி மாறுகிறது என்பது ஒன்று. உந்தத்தைக் கீழே கடத்தும் மொத்த அழுத்தம் உயரத்தோடு எப்படிக் குறைகிறது என்பது இன்னொன்று. இதில் கிரிட்டில் தெரியும் சுழிகளின் பங்கையும் சூத்திரத்தின் பங்கையும் தனித்தனிக் கோடாகப் போட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கோளாறு இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும். ஸ்பெக்ட்ரம் (எந்த அளவுச் சுழியில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் படம்) பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சராசரியே தப்பாக இருக்கும் ரன்னிலும் அது கொந்தளிப்புக்கே உரிய மைனஸ் 5/3 சரிவைக் காட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

தொடங்கிய சில நிமிடத்தில் என்ஏஎன் (‘எண்ணே இல்லை’ என்ற குறி) கக்கிவிட்டு நிற்கிறது

டைம் ஸ்டெப்பைப் பாதியாக்குவதற்கு முன்னால் எங்கே வெடித்தது என்று பாருங்கள். வெடிப்பதற்கு முந்தைய சில ஸ்டெப்களில் செங்குத்துக் காற்று அதிகபட்சம் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதை எழுதச் செய்தால் போதும். பெட்டியின் உச்சியில் என்றால், மேலே போகும் ஈர்ப்பு அலைகளை உறிஞ்சும் தணிப்புப் படலம் போதவில்லை என்று பொருள். கடைசி ஒரு கிலோமீட்டருக்காவது அதை விரியுங்கள். நெஸ்டின் (பெரிய கிரிட்டுக்குள் பதித்த நுணுக்கமான கிரிட்டின்) ஓரத்தில் என்றால் எல்லைத் தகவல் வரும் இடைவெளியைப் பாருங்கள். நடுவில், 500 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் அது கூரன்ட் எண் பிரச்சினைதான்: ஒரு டைம் ஸ்டெப்பில் காற்று எத்தனை கிரிட் இடைவெளி கடக்கிறது என்பதுதான் அந்த எண்.

கணக்கு சுலபம். காற்று நொடிக்கு 80 மீட்டர், கிரிட் 31.25 மீட்டர், டைம் ஸ்டெப் 0.2 நொடி என்றால் கிடைமட்டக் கூரன்ட் எண் 0.51. மேலெழும் காற்று நொடிக்கு 30 மீட்டர், செங்குத்து இடைவெளி 15 மீட்டர் என்றால் அதில் 0.4. நேரத்தை நகர்த்தும் மூன்றாம் படி ருங்கே-குட்டாவும், காற்று சுமந்துசெல்வதைக் கணக்கிடும் ஐந்தாம் படி கடத்தல் திட்டமும் சேர்ந்தால் ஒரு பரிமாணத்தில் 1.42 வரை தாங்கும், முப்பரிமாணத்தில் அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும், அதாவது சுமார் 0.82. எல்லோரும் கிடைமட்டத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு செங்குத்தை மறந்துவிடுகிறார்கள். வர்ஃபில் கிரிட் இடைவெளியைக் கிலோமீட்டரில் எடுத்து ஆறால் பெருக்கி, வருவதை நொடியில் டைம் ஸ்டெப்பாக வைக்கும் பழைய விதி இருக்கிறதே, அது சாதாரண வானிலைக்கு வந்த விதி, கண்சுவருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சுழற்சி எல்லை வைத்த பெட்டி என்றால் இன்னொரு வழி உண்டு. பெட்டியையே சராசரிக் காற்றோடு நகரவிடுங்கள். சிஎம்1-இல் இதற்கு வசதி இருக்கிறது. கிரிட்டைப் பொறுத்த காற்று வேகம் குறைந்துவிடுவதால் டைம் ஸ்டெப்பும் கூட்டலாம், கடத்தல் திட்டம் சுழிகளைத் தேய்ப்பதும் குறையும். தரை உராய்வைக் கணக்கிடும் இடத்தில் மட்டும் அந்த நகரும் வேகத்தைத் திரும்பக் கூட்டிக்கொள்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே எழுதிச் சேர்த்த தரைச் சூத்திரம் என்றால் இங்கேதான் மாட்டும்.

ஓடுகிறது, ஆனால் கொந்தளிப்பே இல்லை

அரை மணி நேர மாடல் நேரம் கடந்தும் செங்குத்துக் காற்றின் படம் வழவழவென்று இருக்கிறதா? முதல் சந்தேகம்: எல்லைப்படலத் திட்டத்தை (பெரிய கிரிட்டுக்காகக் கொந்தளிப்பு முழுவதையும் சூத்திரத்திடம் விடும் பகுதி) அணைக்க மறந்திருப்பீர்கள். ஒய்எஸ்யூ போன்ற ஒரு திட்டம் எல்இஎஸ் கிரிட்டிலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், நொடிக்கு 100 சதுர மீட்டர் அளவில் ஒரு பரவல் கெழுவை ஊற்றிச் சுழி பிறக்கும்போதே கொன்றுவிடும். இதைப் பிழைச் செய்தி எதுவும் சொல்லாது. மொத்த அழுத்தப் படத்தில் சூத்திரத்தின் கோடே முழுப் பங்கையும் தின்றிருந்தால் இதுதான் காரணம்.

அது இல்லை என்றால் விதைப்பு. தொடக்க நிலையில் கீழ் அடுக்குகளின் வெப்பநிலையில் கால் டிகிரி போல ஒரு தற்செயல் கலைப்பு போடாவிட்டால், சீரான காற்று சீராகவே ஓடிக்கொண்டிருக்கும். போட்டும் வரவில்லை என்றால் கீழ்க் கிரிட்டைப் பாருங்கள். எல்லைப்படலம் 500 மீட்டர் உயரம்தான் இருக்கும் புயலில் 100 மீட்டர் கிரிட்டில் சுழி எங்கே போய்ப் பிறக்கும்?

இங்கே ஒரு விசித்திரமான வடிவமும் வரும். கொந்தளிப்பு வந்துவிடுகிறது, ஆனால் மேலிருந்து பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சதுரம் சதுரமாகத் திரும்பத் திரும்ப அதே கோலம். வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு எம்பிஐ ப்ராசஸும் ஒரே தொடக்க எண்ணை வைத்துத் தற்செயல் எண்களை எடுத்திருக்கிறது. 64 ப்ராசஸ் என்றால் 64 நகல். ப்ராசஸின் வரிசை எண்ணைத் தொடக்க எண்ணோடு கூட்டிவிட்டால் தீர்ந்தது. இதை விட்டுவிட்டால் பெரிய சுழிகள் அந்தச் சதுர அளவிலேயே ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டிருக்கும்.

நெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. வெளிக் கிரிட்டிலிருந்து வரும் காற்று வழவழப்பாக வரும், உள்ளே வந்து பல கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் கொந்தளிக்கத் தொடங்கும். இதற்கு முனோஸ் எஸ்பார்சாவும் கூட்டாளிகளும் 2014-இல் சொன்ன முறை ஒன்று உண்டு: எல்லையோரத்தில் எட்டுக்கு எட்டு கிரிட் புள்ளிகள் கொண்ட கட்டங்களில் வெப்பநிலையைக் கலைப்பது. நிலத்தின் மேல் சாதாரணக் காற்றுக்கு அது பிரமாதமாக வேலை செய்யும். புயலுக்குள் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். கலைப்பின் அளவு காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றின் இயக்க ஆற்றலை வெப்பக் கலைப்போடு ஒப்பிடும் எக்கர்ட் எண்ணை 0.2 என்று வைத்தால், நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு அரை டிகிரி வரும், அது நியாயம். 40 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள், 8 டிகிரி வரும். கண்சுவருக்கு வெளியே 8 டிகிரி சூடும் குளிருமாகத் தெளித்தால் நீங்கள் ஓட்டுவது வேறு ஏதோ வானிலை. அதற்குப் பதில் தனியாக ஓடும் பெட்டியில் பிறந்த சுழிகளை எடுத்து எல்லையில் சேர்க்கும் மறுசுழற்சி முறைதான் இங்கே பொருந்தும். செட்டப் பண்ணக் கொஞ்சம் பாடுதான், ஆனால் வேறு வழியில்லை.

எல்லைப்படலம் வளர்ந்துகொண்டே போகிறது, தாழ்நிலை ஜெட் வரவே இல்லை

சின்னப் பெட்டி ரன்களில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அறிகுறி இப்படி இருக்கும்: முதல் ஒரு மணி நேரம் எல்லாம் அழகு. அதற்கப்புறம் கொந்தளிக்கும் படலம் 800 மீட்டர், 1,200 மீட்டர், 2 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போய்ப் பெட்டியின் கூரையை முட்டும். உள்ளே இழுக்கும் காற்றும் கிட்டத்தட்ட இருக்காது. நிஜப் புயலிலோ டிராப்சோண்டுகளின் (விமானத்திலிருந்து கீழே போடும் அளவுக் கருவிகள்) சராசரியில் கண்சுவர்க் காற்று சுமார் 500 மீட்டரில் உச்சம் தொட்டு மேலே குறைகிறது; அந்த உச்சம்தான் தாழ்நிலை ஜெட்.

காரணம், உங்கள் பெட்டிக்குத் தான் ஒரு புயலுக்குள் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. பூமியின் சுழற்சியால் வரும் கோரியாலிஸ் விசையை மட்டும் வைத்திருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி அட்சரேகையில் கோரியாலிஸ் அளபுரு 0.00005. அதன்படி காற்றின் நிலைம அலைவுக்காலம் (சமநிலை கலைந்த காற்று ஒரு முறை அலைந்து திரும்பும் நேரம்) சுமார் 35 மணி நேரம். தரை உராய்வு வேகம் (உராய்வின் வலுவை வேகமாகச் சொல்லும் அளவு) நொடிக்கு 2 மீட்டர் என்றால், அதைக் கோரியாலிஸால் வகுத்து 0.3-ஆல் பெருக்கும் தோராயக் கணக்கில் எல்லைப்படலம் 12 கிலோமீட்டர் வரும்! 3 கிலோமீட்டர்ப் பெட்டியில் அது எங்கே நிற்கும்?

இப்போது சுழற்சியைச் சேருங்கள். மையத்திலிருந்து 40 கி.மீ., காற்று 40 மீட்டர், தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாக வெளிநோக்கிக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைம அதிர்வெண்ணின் வர்க்கம் இரண்டு துண்டுகளின் பெருக்கல்: கோரியாலிஸோடு வேகம்-ஆரம் விகிதத்தின் இரு மடங்கைக் கூட்டியது ஒன்று, கோரியாலிஸோடு அதே விகிதத்தையும், வேகம் ஆரத்தோடு மாறும் வீதத்தையும் கூட்டியது இன்னொன்று. முதலாவது 0.00205, இரண்டாவது 0.00055. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.00106. அலைவுக்காலம் 35 மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே தோராயக் கணக்கில் படலத்தின் உயரம் இப்போது 570 மீட்டர். டிராப்சோண்ட் சொல்வதும் அதைத்தான்.

ஆகவே பெட்டியின் சமன்பாடுகளில், மையவிலக்கு விசையையும், உள்நோக்கிப் போகும் காற்று வெளியிலிருந்து கொண்டுவரும் உந்தத்தையும் தனி உறுப்புகளாகச் சேர்க்க வேண்டும். பிரையனும் கூட்டாளிகளும் 2017-இல் வெளியிட்ட எளிய முறை இதுதான். பெட்டிக்கு மூன்று எண் கொடுத்தால் போதும் – ஆரம், அங்குள்ள காற்று, அது வெளிநோக்கி மாறும் வீதம். சிஎம்1-இல் இது உள்ளேயே இருக்கிறது. வர்ஃபில் வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதுகிறவர்கள் குறியில் கோட்டை விடுவார்கள், அதையும் ஜெட்டின் உயரமே காட்டிக்கொடுக்கும். மாறும் வீதத்தின் குறி தலைகீழாகிவிட்டால் இரண்டாவது துண்டு 0.00155 ஆகிவிடும், படலம் 340 மீட்டருக்குச் சுருங்கும். ஜெட் 300 மீட்டர் பக்கம் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் ஏற மாட்டேன் என்றால் குறியைப் பாருங்கள். அதுவே உள்நோக்கிய காற்று நிற்காமல் வளர்ந்துகொண்டே போனால், நீங்கள் கொடுத்த வீதம் ரொம்பச் செங்குத்து: ஆரத்துக்கு எதிர்விகிதத்தை விட வேகமாகக் காற்று குறையும்படி கொடுத்திருந்தால் இரண்டாவது துண்டு எதிர்க்குறிக்குப் போய்விடும், ஓட்டமே நிலைமச் சமநிலையை இழந்துவிடும். நிரலில் தப்பு இல்லை, உள்ளீட்டில் தப்பு.

எவ்வளவு நேரம் ஓட்டினால் நிலைக்கு வரும் என்பதற்கும் இதே கணக்குதான் பதில். சுழிகள் நிலைப்பட, 600 மீட்டர்ப் படலத்தை உராய்வு வேகத்தால் வகுத்த ஐந்து நிமிடத்தின் சில மடங்கு போதும். சராசரிக் காற்று நிலைப்பட நிலைம அலைவு இரண்டு மூன்றாவது கடக்க வேண்டும், அதாவது நாலைந்து மணி நேரம். சுழிகள் வந்துவிட்டதே என்று ஒரு மணியிலேயே சராசரி எடுத்தால் அலைவின் நடுவில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

தரையோரக் காற்று பொருந்தவில்லை

இதில் இரண்டு வகை. பத்து மீட்டர்க் காற்றே மொத்தமாகக் குறைவு அல்லது அதிகம் என்றால் கடலின் சொரசொரப்பைப் பாருங்கள். காற்று வலுக்க வலுக்கக் கடலின் சொரசொரப்பைக் கூட்டும் சார்னாக் சூத்திரத்தைக் கடிவாளம் இல்லாமல் விட்டால் காற்று கூடக் கூட இழுவைக் கெழுவும் கூடிக்கொண்டே போகும், மாறிலி 0.018 என்று வைத்தால் நொடிக்கு 60 மீட்டரில் 0.0048 வரை வரும். நிஜக் கடல் அப்படி இல்லை. பவெல் குழு 2003-இல் டிராப்சோண்டுகளிலிருந்தும், டோனலன் குழு 2004-இல் ஆய்வகத் தொட்டியிலிருந்தும் காட்டியது, நொடிக்கு 33 மீட்டர் பக்கத்திலேயே கெழு ஏறுவதை நிறுத்திவிடுகிறது என்பதை. 0.0024 என்று நிறுத்துகிறவர்கள் சொரசொரப்பு நீளத்தை 2.8 மில்லிமீட்டராக வைப்பார்கள், இரண்டும் ஒன்றேதான். சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு: விமானம் 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் (சுமார் 3 கி.மீ. உயரம்) அளக்கும் கண்சுவர்க் காற்றில் சுமார் 90 சதவீதம் பத்து மீட்டரில் இருக்கும் என்பது டிராப்சோண்ட் சராசரி. உங்கள் பெட்டியில் 70 சதவீதம் வந்தால் எங்கேயோ உராய்வு இரண்டு முறை கணக்காகிறது.

இரண்டாவது வகை நுணுக்கமானது. மேலே காற்று சரி, தரையிலும் சரி, நடுவில் முதல் நாலைந்து அடுக்கில் மட்டும் ஷியர் (உயரத்தோடு காற்று மாறும் வீதம்) இருக்க வேண்டியதை விடக் கூடுதல், நீளநீளமான கீற்றுகள் காற்றுத் திசையில் பெட்டி முழுக்க ஓடுகின்றன. இது எல்இஎஸ்ஸின் பிறவிக் கோளாறு. தரையோரச் சுழிகள் தரையிலிருந்து தாங்கள் இருக்கும் உயரத்தின் அளவே பெரியவை, ஆகவே எவ்வளவு நுணுக்கமான கிரிட் போட்டாலும் முதல் சில அடுக்கில் அவை அடங்காது. அங்கே சூத்திரம்தான் முழு வேலையையும் செய்கிறது, அதுவும் அளவுக்கு மீறி இழுத்துப் பிடித்துச் செய்கிறது. அடுக்கை மெல்லிசாக்கினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது, இன்னும் கீழே நகரும், அவ்வளவுதான். செங்குத்தை மட்டும் நறுக்கிவிட்டுக் கிடைமட்டத்தை அப்படியே விட்டால் கிரிட் தட்டையாகி நிலைமை மோசமாகும். சல்லிவன், மெக்வில்லியம்ஸ், மோயங் 1994-இல் கொடுத்த இரு பகுதித் திட்டம் இதற்கென்றே வந்தது: சராசரி ஷியருக்கு ஒரு பகுதி, சுழிகளுக்கு ஒரு பகுதி. சிஎம்1-இல் அது ஒரு தேர்வாக இருக்கிறது. மாறிலியைத் தொடுவதானால் இந்த இடத்துக்கு வந்த பிறகு தொடுங்கள்.

கீற்றுகள் எல்லாமே பொய் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1996-இல் ஃபிரான் புயல் கரை கடந்தபோது லாரியில் ஏற்றிய டாப்ளர் ரேடார், சுமார் 600 மீட்டர் இடைவெளியில் உருளைச் சுழல்களைப் பார்த்தது. வேறு புயல்களில் ஒன்றரை கிலோமீட்டர் பக்கமும் பார்த்திருக்கிறார்கள். உண்மையான உருளைக்கு முடிவு உண்டு, பிறந்து மடியும். உங்கள் பெட்டியின் அகலத்தைச் சரியாக மூன்றாகவோ நான்காகவோ வகுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது பெட்டி செய்யும் வேலை. பெட்டியை ஒன்றரை மடங்கு அகலமாக்கி ஓட்டுங்கள். இடைவெளியும் கூடவே மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கிரிட்டை நுணுக்கினால் புயலின் பலமே மாறுகிறது

முழுப் புயல் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி. 2009-இல் ரொட்டுன்னோவும் கூட்டாளிகளும் வர்ஃபில் நெஸ்ட்டுக்குள் நெஸ்ட்டாக 1.67 கிலோமீட்டரிலிருந்து 556, 185, 62 மீட்டர் என்று இறங்கிப் பார்த்தார்கள். 185 மீட்டர் வரைக்கும் புயல் வலுத்துக்கொண்டே போனது. 62 மீட்டரில்தான் சுழிகள் நிஜமாகவே சிதறிக் கொந்தளிக்க ஆரம்பித்தன, புயலின் சராசரிப் பலமும் குறைந்தது.

நடுவில் இருப்பது சாம்பல் மண்டலம். வின்கார்ட் 2004-இல் எச்சரித்தது இதைத்தான்: கிரிட் இடைவெளியும் சுழியின் அளவும் ஒன்றாகிவிடும் இடத்தில் எல்லைப்படலத் திட்டமும் பொருந்தாது, எல்இஎஸ் சூத்திரமும் பொருந்தாது. 200, 300 மீட்டரில் ஓட்டிவிட்டு எல்இஎஸ் என்று பெயர் போடுவது என் கணக்கில் இருப்பதிலேயே மோசமான தேர்வு; ஒரு கிலோமீட்டரில் நல்ல எல்லைப்படலத் திட்டத்தோடு ஓட்டும் ரன் அதை விட நம்பகமானது. கம்ப்யூட்டர் நேரம் இருந்தால் 100-க்கும் கீழே இறங்குங்கள், இல்லாவிட்டால் மேலேயே நில்லுங்கள். ஜப்பானில் இட்டோ குழு கே கம்ப்யூட்டரில் முழுப் புயலையும் 100 மீட்டரில் ஓட்டி 2017-இல் வெளியிட்டது, அந்த மாதிரி இயந்திரம் எல்லோருக்கும் வாய்க்குமா? சின்னப் பெட்டி முறைக்கு மவுசு வந்ததே இதனால்தான்.

வீச்சுகள் நம்ப முடியாத அளவுக்கு இருக்கின்றன

வீச்சு என்பது சில நொடியே நீடிக்கும் காற்றின் உச்சம். அதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மாடல் தருவது அந்த நொடியின் காற்று, அதுவும் பெட்டியின் பல லட்சம் புள்ளிகளில் அதிகபட்சம். காற்றை அளக்கும் அனிமாமீட்டர் ஒரே இடத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் 1 நிமிடச் சராசரி, இந்திய வானிலைத் துறை 3 நிமிடம், உலக வானிலை அமைப்பின் அளவுகோல் 10 நிமிடம். ஆகவே ஒரு புள்ளியில் காற்றை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எழுதி, 3 நொடி வீச்சையும் 10 நிமிடச் சராசரியையும் நீங்களே எடுத்து வகுத்துப் பாருங்கள். திறந்த கடலுக்கு உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி சொல்லும் விகிதம் 1.23. உங்களுக்கு 1.2-லிருந்து 1.3-க்குள் வந்தால் கவலையே வேண்டாம்.

1.1 என்று குறைவாக வந்தால் அதற்கும் காரணம் உண்டு, அது கோளாறு மாதிரியே தெரியாது. நொடிக்கு 40 மீட்டர் காற்றில் 3 நொடி வீச்சு என்பது 120 மீட்டர் நீளக் காற்று. வர்ஃப் மாதிரி மாடல்கள் உண்மையில் பார்ப்பது கிரிட் இடைவெளியின் ஏழு மடங்குக்கு மேற்பட்டதை மட்டுமே என்று ஸ்கமராக் 2004-இல் காட்டினார். 30 மீட்டர் கிரிட்டில் அது 210 மீட்டர். ஆக 3 நொடி வீச்சு உங்கள் கிரிட்டில் பாதி தேய்ந்துதான் வருகிறது. அதை முழுதாகப் பிடிக்க 17 மீட்டருக்கும் கீழே போக வேண்டும். காற்றாலைக் கோபுரத்துக்கோ கட்டடத்துக்கோ எண் கொடுக்கிறவர்கள் இந்த வரியைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ரொம்பப் பெரிதாக வந்தாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். 1996 ஏப்ரல் 10 அன்று ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா புயலின்போது பதிவான வீச்சு நொடிக்கு 113 மீட்டர், உலக வானிலை அமைப்பு 2010-இல் அதைச் சாதனையாக ஏற்றுக்கொண்டது. 1989 செப்டம்பர் 15-இல் ஹியூகோ புயலின் கண்சுவருக்குள் 450 மீட்டர் உயரத்தில் நுழைந்த அமெரிக்க ஆய்வு விமானம் ஒரு சின்ன, உக்கிரமான சுழலில் மாட்டி ஒரு எஞ்சினை இழந்து, கண்ணுக்குள் வட்டமடித்துத்தான் தப்பியது. அந்த உயரத்தில் ஆள் வைத்த விமானத்தின் நேரடி அளவீடு இன்றைக்கும் அரிது. 2017-இல் மரியா புயலுக்குள் கயோட்டி என்ற ஆளில்லா விமானத்தை அனுப்பியது அதனால்தான். எனவே வீச்சு பெரிது என்பது மட்டுமே பிழைக்குச் சாட்சி ஆகாது. அந்த உச்சம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சதுரங்கப் பலகை போல் இருந்தால்தான் அது எண் இரைச்சல். ஸ்பெக்ட்ரத்தின் வாலும் கடைசியில் மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு, நான்கு போன்ற இரட்டைப்படைப் படிக் கடத்தல் திட்டத்திலிருந்து ஐந்தாம் படிக்கோ, இந்த இரைச்சலை அடக்கும் வீனோ திட்டத்துக்கோ மாறுங்கள்.

ஒரே இடைவெளியில் வீச்சு திரும்பத் திரும்ப வருகிறது

காற்றின் நேரத்தொடரில் 125 நொடிக்கு ஒரு முறை மேடு. பெட்டி 5 கி.மீ., காற்று 40 மீட்டர், வகுத்துப் பாருங்கள். அதே சுழி பெட்டியைச் சுற்றிவிட்டு உங்கள் கோபுரத்துக்குத் திரும்ப வருகிறது. பெட்டியை நீட்டுங்கள், அல்லது காற்றுத் திசையைக் கிரிட்டுக்குக் கொஞ்சம் சாய்வாக வையுங்கள், அது தன் வாலிலேயே வந்து முட்டாது.

சேர்த்த குளிர்விப்பு வேலையே செய்யவில்லை

கதிர்வீச்சுக்காக மணிக்கு அரை டிகிரி குளிர்விப்பு சேர்த்தீர்கள், அஞ்சு மணி நேரம் ஓடியும் வெப்பநிலை துளி அசையவில்லை. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் தப்பு தெரியாது. ஒற்றைத் துல்லியத்தில் (ஒரு எண்ணுக்கு 32 பிட்) 300 கெல்வினுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே 0.00003 கெல்வின் இருக்கிறது. மணிக்கு அரை டிகிரி என்பது 0.1 நொடி ஸ்டெப்புக்கு 0.000014. அது பாதி இடைவெளிக்கும் குறைவு, எனவே ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கூட்டிக் கூட்டி அப்படியே முழுதாக்கலில் தொலைந்துபோகிறது. வர்ஃப் 300-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்திருப்பதால் இது வராது. நீங்களாக எழுதிய நிரலில் முழு வெப்பநிலையை வைத்திருந்தால் வரும். மாடல் நேரத்தையும் ஒற்றைத் துல்லியத்தில் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரு நாள் கடந்ததும் நேரத்தின் படி 0.008 நொடி ஆகிவிடும், உங்கள் 0.1 அதில் சரியாக உட்காராது. ஸ்டெப் எண்ணை முழு எண்ணாக வைத்துப் பெருக்குங்கள்.

டிஸ்க் நிரம்பி ரன் நடுவில் நின்றுவிட்டது

ஆயிரத்துக்கு ஆயிரம், உயரத்தில் 200 அடுக்கு என்றால் ஒரு மாறிக்கு 0.8 ஜிபி. பத்து மாறியைப் பத்து நொடிக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் எழுதினால் 2.9 டிபி. முப்பரிமாணத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டு, நாலைந்து உயரங்களில் கிடைமட்டத் தட்டுகளையும், ஒரு பத்துக் கோபுரங்களில் எல்லா உயரத்தையும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எழுதுங்கள். மொத்த அழுத்தத்தின் இரண்டு பங்கையும் மாடலே ஓடும்போது சராசரி எடுத்து எழுதட்டும், ரன் முடிந்த பிறகு ஃபைலிலிருந்து அதைச் சரியாகத் திரும்பப் பெற முடியாது.